அந்நியக் கம்பெனியும் நம் ஊர் வேலையும்: தீப்பெட்டி சொல்லும் கணக்கு



2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. நேரடியாகவும் மறைமுகமாகவும் ஏறக்குறைய 27 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று அறிவித்தார்கள். ஆட்சிகள் மாறினாலும் இந்த அறிவிப்புகளின் பாணி மாறுவதில்லை. எந்த நாட்டுக் கம்பெனி, எத்தனை கோடி, எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை, அவ்வளவுதான். நம்மவர்களில் பலர் இதைப் படித்துவிட்டு இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். அந்நியன் வந்தால் நாடு சுரண்டப்படும் என்பது ஒரு சாரார் பேச்சு. ஊருக்கு ஆலை வந்தால் கடைக்கு வியாபாரம் வரும், வரட்டுமே என்பது மறு சாரார் பேச்சு. சங்கக் கூட்டங்களில் இந்த இரண்டையும் ஒரே மேடையில், சில சமயம் ஒரே ஆளின் வாயிலிருந்தே கேட்டிருக்கிறோம்.

இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு என்பது நம் கருத்து. கடை வாசலில் லாரி வந்து நின்றால் பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்து நாம் சரக்கை இறக்குவதில்லை. எத்தனை பண்டல், எத்தனை உடைசல், திரும்ப எடுப்பார்களா, தவணை எத்தனை நாள் என்று பார்த்துத்தான் இறக்குகிறோம். ஆலைக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். நாம் கேட்க வேண்டியவை இரண்டு. வருகிறவன் எந்தத் தொழிலுக்குள் வருகிறான்? நம் ஜனங்கள் ஏற்கெனவே சோறு சாப்பிடும் தொழிலா, இங்கே இதுவரை இல்லாத தொழிலா? இரண்டாவது, அவன் உள்ளே வரும்போது சர்க்கார் என்ன விதி போட்டது? ஊருக்கு வேலை வருமா போகுமா என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

இதற்குச் சாட்சி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் தீப்பெட்டியே போதும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டில் உரசிய தீக்குச்சியெல்லாம் பெரும்பாலும் சுவீடன் சரக்கு, இல்லாவிட்டால் ஜப்பான் சரக்கு. 1922இல் வெள்ளைக்கார சர்க்கார் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. கஜானாவை நிரப்பப் போட்ட வரிதான் அது. ஆனால் அதனால் இரண்டு காரியங்கள் நடந்தன. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து 1923இல் சொந்த ஊரில் தொடங்கினார்கள். அதே 1923இல் சுவீடன் தீப்பெட்டிக் கம்பெனி, வரிச்சுவரைத் தாண்டிச் சரக்கு அனுப்புவதைவிடச் சுவருக்கு உள்ளேயே ஆலை கட்டிவிடலாம் என்று விம்கோ கம்பெனியைத் தொடங்கியது. பிற்பாடு பல நகரங்களில் அதற்கு ஆலைகள் வந்தன. சென்னையில் திருவொற்றியூரில் ஒன்று. 2021இல் மெட்ரோ ரயில் அந்தப் பக்கம் போனபோது கடைசி ஸ்டேஷனுக்கு வைத்த பெயரும் விம்கோ நகர்தான்.

சுவீடன் கம்பெனி சாதாரண ஆள் இல்லை. அதன் தலைவர் ஈவார் குருகர் உலகத்தில் பல நாடுகளுக்குக் கடன் கொடுத்து, பதிலுக்கு அங்கே தீப்பெட்டி ஏகபோகத்தை எழுதி வாங்கிய மனிதர். பணம், இயந்திரம், வெளிநாட்டு அனுபவம் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. நம் பக்கம் இருந்தது வானம் பார்த்த கரிசல் பூமியும், வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாத கைகளும்தான். சிவகாசிக்காரர்கள் முதலில் ஜெர்மன் இயந்திரம் இறக்கிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. கைவேலையாகவே செய்வது என்று முடிவெடுத்தார்கள். குச்சி அடுக்க ஒரு கை, மருந்து முக்க ஒரு கை, பெட்டி ஒட்ட ஒரு கை, லேபிள் ஒட்ட ஒரு கை என்று தொழில் பிரிந்து சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. அந்தப் பக்கத்தில் அதற்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றே பெயர். பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

இயந்திரத்தோடு கை போட்டி போட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். விலையில் ஓரணா வித்தியாசம் இருந்தாலே கடைக்காரன் மலிந்த சரக்கைத்தான் வாங்குவான். அப்படியிருந்தும் சிவகாசி எப்படி நின்றது? 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்த வரியையே உற்பத்தியின் அளவைப் பார்த்து வகை வகையாகப் பிரித்தார்கள். பெரிய இயந்திர ஆலைக்கு அதிக வரி, சின்ன உற்பத்தியாளருக்குக் குறைந்த வரி. இயந்திரத்தால் விம்கோவுக்கு மிச்சமான காசில் ஒரு பங்கை வரி எடுத்துக்கொண்டது. கைவேலைக்காரனுக்குக் கூடுதலாக ஆன கூலியை வரிச்சலுகை ஈடுகட்டியது. விம்கோவை யாரும் விரட்டவில்லை. ஆலையை மூடச் சொல்லவில்லை. அதன் கப்பல் மார்க் பெட்டியை நாமும் விற்றோம். ஆனால் அது சந்தை முழுவதையும் விழுங்க முடியவில்லை. காலப்போக்கில் நாட்டின் தீப்பெட்டியில் பெரும்பகுதி தென்மாவட்டச் சரக்கு என்றாயிற்று. 2005இல் விம்கோவே சுவீடன் கையைவிட்டு ஐ.டி.சி. குழுமத்துக்குப் போய்விட்டது.

அந்நிய மூலதனத்தோடு நேருக்கு நேர் நின்று, உள்ளூர்த் தொழில் ஆள் குறையாமல் வளர்ந்ததற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் மாநிலத்தில் இல்லை. செய்தது வீர வசனம் அல்ல, ஒரு வரி அட்டவணை.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விம்கோ ஆலையில் வேலை செய்தவனுக்கு நிரந்தர வேலை இருந்தது, சங்கம் இருந்தது, வைப்பு நிதி இருந்தது. தீப்பெட்டி ஆபீசில் பீஸ் கணக்குக் கூலி. பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் விடியற்காலை வண்டியில் ஏற்றப்பட்டு வேலைக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்குப் போய் 1990இலும் 1996இலும் தீர்ப்பு வந்த பிறகுதான் அந்த அவமானம் குறையத் தொடங்கியது. நம் சரக்கு மலிவாக இருந்ததற்கு அந்தக் குறைந்த கூலியும் ஒரு காரணம். ஆகவே அந்நியன் கெட்டவன், உள்ளூரான் நல்லவன் என்று கோடு போட்டுப் பேசுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. எத்தனை பேருக்கு வேலை என்பது ஒரு கேள்வி. என்ன மாதிரி வேலை என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சிவகாசி ஜெயித்தது. இரண்டாவது கேள்விக்கு விம்கோ ஜெயித்தது.

வரி அட்டவணை இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குச் சோடாக் கடையைப் பார்க்கலாம். 1977இல் கொக்கோ கோலா இந்த நாட்டைவிட்டு வெளியேறியது. அதன் பிறகு ஊருக்கு ஒரு கலர் கம்பெனி, தெருவுக்கு ஒரு கோலி சோடாக்காரர் என்று தழைத்தது. 1993இல் அது திரும்ப வந்தபோது முதல் காரியமாக பார்லே கம்பெனியின் தம்ஸ்அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் மார்க்குகளை விலைக்கு வாங்கிவிட்டது. பெப்சி அதற்கு முன்பே வந்துவிட்டது. அவர்கள் கடைக்கு ஐஸ் பெட்டி கொடுத்தார்கள், போர்டு எழுதிக் கொடுத்தார்கள். சின்னச் சோடாக் கம்பெனிக்காரரால் என்ன கொடுக்க முடியும்? நாம் பாட்டில் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் எதுவும் பேசாமல் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். பெரிய பாட்டில் ஆலையில் சில நூறு பேருக்கு வேலை கிடைத்திருக்கும். ஊர் ஊராகச் சோடா போட்டு, சுமந்து, விற்றுப் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த இலாகாவும் எண்ணவில்லை. காளிமார்க் பொவண்டோ போன்ற சிலர் தாக்குப் பிடித்தார்கள். 2017 மார்ச் முதல் தேதியிலிருந்து நம் வணிகர் அமைப்புகள் அந்த இரண்டு அந்நியப் பானங்களையும் விற்பதில்லை என்று தீர்மானம் போட்டதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உணர்ச்சி நியாயமானது. ஆனால் 24 வருஷம் கழித்து வந்த உணர்ச்சி. 1993இல் விதி போட வேண்டிய இடத்தில் யாரும் விதி போடவில்லை.

இனி இரண்டாவது ரகத்துக்கு வருவோம். இங்கே இல்லாத தொழிலைக் கொண்டு வருகிறவர்கள் இவர்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோ காரை வெளியே விட்டது. மறைமலைநகரில் போர்டு வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்தது. இவர்களால் யாருடைய பட்டறையும் மூடவில்லை. செல்போன் செய்து பிழைத்தவர் நம் ஊரில் அதற்கு முன் யாரும் இல்லை. ஏரிப்பாசன கிராமங்களிலிருந்து பிளஸ் டூ படித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனார்கள். மாதம் பிறந்தால் கையில் சம்பளம். இது பெரிய காரியம்தான். இதைப் பழிப்பவர்கள் அந்தப் பெண்களின் வீட்டில் போய்க் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆனால் இந்த ரகத்தில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஆலை இங்கே, முதலாளி அங்கே. நோக்கியா ஆலையில் உச்சத்தில் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். அதற்கு உதிரி செய்து கொடுத்த கம்பெனிகளில் இன்னும் பல ஆயிரம் பேர். 2013இல் வருமான வரித் தகராறு வந்தது. அதே வருஷம் நோக்கியா தன் செல்போன் தொழிலை மைக்ரோசாப்ட்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. வரி வழக்கில் ஆலைச் சொத்து முடக்கப்பட்டதால் 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் ஆலை விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் முதல் தேதி ஆலை மூடியது. அதை நம்பியிருந்த பாக்ஸ்கான் ஆலையும் டிசம்பரில் நின்றது. எட்டு வருஷம், அவ்வளவுதான்.

வேலை செய்தவர்கள் ஒழுங்காகத்தான் செய்தார்கள். சரக்கு கெட்டுப்போகவில்லை. சந்தை மாறியது, வரி வழக்கு வந்தது, பின்லாந்திலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து இருவர் பேரம் பேசினார்கள். போர்டும் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசிக் கார் வெளியேறியது. இழப்பீடு போதாது என்று தொழிலாளர் போராட வேண்டியிருந்தது. 2024இல் ஏற்றுமதிக்காகத் திரும்ப வருகிறோம் என்று கடிதம் கொடுத்தார்கள். வரட்டும். நோக்கியா ஆலைக் கட்டடத்தையும் பிற்பாடு சால்காம்ப் வாங்கி, செல்போன் சார்ஜர் செய்யும் வேலை அங்கே நடக்கிறது. கட்டடத்துக்கு இன்னொரு முதலாளி கிடைத்துவிடுவார். முப்பது வயதில் வெளியே வந்த பெண்ணுக்கு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேடும் அடுத்த ஆலையில் இடம் கிடைக்குமா?

ஓர் ஆலை மூடினால் மளிகைக் கடையில் என்ன நடக்கும் என்பதை எந்தப் பொருளாதார நிபுணரும் எழுதுவதில்லை, ஆகவே நாம் எழுத வேண்டியிருக்கிறது. சம்பளக்காரர் வீட்டுக்கு நாம் மாதக் கணக்கு எழுதுகிறோம். ஒன்றாம் தேதி அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு போகும். சம்பளம் வந்ததும் பற்று தீரும். கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்துத்தான் நோட்டில் பெயர் ஏறுகிறது. ஆலை மூடிய மாதம் சில்லறைக் கடைக்காரருக்கு வரவு நின்றுபோகும். அடுத்த மாதம் அவர் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்பார். அதற்கடுத்த மாதம் மொத்த வியாபாரி மில்காரரிடம் வாய்தா சொல்வார். வங்கி தன் கடனுக்கு ஜாமீன் வைத்திருக்கிறது. சர்க்கார் தன் வரிக்குச் சொத்தை முடக்கிவிடுகிறது. நம் நோட்டில் இருக்கும் பற்றுக்கு ஜாமீன் அந்தக் குடும்பத்தின் முகம் ஒன்றுதான். அதிலும் நிரந்தரத் தொழிலாளி என்றால் இழப்பீடு கொஞ்சம் வரும், வந்ததும் முதலில் கடைக்காரன் கணக்கைத் தீர்ப்பார். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர் என்றால் ஒரே இரவில் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இந்த ஒப்பந்த வேலை விஷயம் ஆலை ஓடும்போதே ஊரைப் பாதிக்கிறது. பூந்தமல்லிப் பக்கம் விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் 2021 டிசம்பரில் கெட்ட சாப்பாட்டால் நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் பெங்களூர் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான் நாட்டுக்கே விஷயம் தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் ஆயிரக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்குச் சமைக்கும் சாமான் எங்கிருந்து வருகிறது? காண்டிராக்டர் எங்கோ ஒரே இடத்தில் மொத்தமாகப் பிடிக்கிறார். பக்கத்து ஊர் மளிகை வியாபாரிக்கு அந்தக் கேட்டுக்குள் நுழையவே வழியில்லை. 2024இல் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததும் சங்கம் வைக்கும் உரிமைக்காகத்தான். சங்கம் என்றால் நம் வியாபாரிகளில் சிலருக்கு முகம் சுளிக்கிறது. நாமே சங்கம் வைத்துக்கொண்டு அப்படிச் சுளிப்பது அழகல்ல. கூலி உயர்ந்தால் அது நேராக நம் கடைக்குத்தான் வருகிறது, சீயோலுக்குப் போவதில்லை.

ஆகவே நமது அமைப்பு சர்க்காரிடம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் சொல்லக் கூடாது. அதில் நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை என்று பிரித்து வருஷா வருஷம் வெளியிடச் சொல்ல வேண்டும். நிலம், மின்சாரம், வரி ஆகியவற்றில் சலுகை தரும்போதே, மூடினால் தொழிலாளருக்கு என்ன கிடைக்கும், ஒப்பந்தக்காரருக்கு என்ன கிடைக்கும், எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். அதற்கென்று ஒரு டிபாசிட் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. ஏஜென்சி எடுக்க நம்மிடம் டிபாசிட் வாங்காத கம்பெனி உண்டா? ஆலைக் கேண்டீனுக்கும் விடுதிக்கும் வாங்கும் மளிகையில் ஒரு பங்கு சுற்று வட்டார வியாபாரிகளிடம் வாங்க வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கையே. இப்படியெல்லாம் கேட்டால் கம்பெனி ஆந்திராவுக்குப் போய்விடும் என்று பயம் காட்டுவார்கள். துறைமுகம், படித்த பிள்ளைகள், உதிரி செய்யும் பட்டறைகள் எல்லாம் இங்கே இருக்கும்வரை அந்தப் பயத்தைப் பாதிக்கு மேல் நம்ப வேண்டியதில்லை.

உள்ளூர்த் தொழிலுக்குள் வருகிறவனுக்கோ தனி விதி வேண்டும், விம்கோவுக்கு இருந்த மாதிரி. இது பழங்கதை அல்ல. அந்தத் தீப்பெட்டி வரி வித்தியாசம் ஜி.எஸ்.டி. வந்தபோது 5க்கும் 18க்குமாக நின்றது. 2020 ஏப்ரலில் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். 18 கட்டிவந்த பாதி இயந்திர ஆலைகளுக்கு நிம்மதி. முழுக் கைவேலைக்காரருக்கோ இருந்த வேலியும் போயிற்று. மெழுகும் அட்டையும் குளோரேட்டும் விலையேறி, 2021 டிசம்பரில் பெட்டி 1 ரூபாயிலிருந்து 2 ரூபாயானது. 14 வருஷத்துக்குப் பிறகு ஏறிய விலை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் வந்து குவிந்தது. ஒரு லைட்டர் 20 தீப்பெட்டி விற்பனையைக் கெடுக்கிறது என்றும், தீப்பெட்டியை நம்பி ஒரு லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்கள், பிழைக்கிறார்கள் என்றும் 2022இல் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே வழி கண்டுபிடித்தார்கள். முழு லைட்டரை விட்டுவிட்டு உதிரியாக இறக்கி, இங்கே பூட்டி, இந்தியத் தயாரிப்பு என்று விற்றார்கள். 2024 அக்டோபரில் உதிரிக்கும் கட்டுப்பாடு வந்தது. வரிச்சுவருக்கு உள்ளே வந்து ஆலை கட்டிய 1923ஆம் வருஷத்துக் கதைதான் இதுவும். சுவீடன்காரராவது உண்மையான ஆலை கட்டினார், நிரந்தர வேலை கொடுத்தார். இவர்கள் கட்டியது ஒரு மேஜையும் ஸ்க்ரூடிரைவரும்.

தடையெல்லாம் போட்ட பிறகும் மலிவான லைட்டர் நம் கடைகளில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். எந்த பில்லில் வருகிறது, எந்த விலாசத்தில் செய்தது என்று கொள்முதல் செய்யும்போது கேட்டு வாங்குங்கள். பில் இல்லாத சரக்கு என்றால் திருப்பி அனுப்புங்கள். பெட்டிக்குக் கிடைக்கும் லாபத்தைவிட லைட்டருக்குக் கூடுதல் கிடைக்கிறது என்பது நமக்கும் தெரியும். கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரக் கிளைகள் தங்கள் பகுதியில் எத்தனை தீப்பெட்டி ஆபீஸ்கள் ஓடுகின்றன, எத்தனை மூடிவிட்டன, மூடிய இடத்துக் கடைகளில் மாதக் கணக்கு எத்தனை குறைந்தது என்று திரட்டி அடுத்த பொதுக்குழுவுக்குக் கொண்டு வந்தால், கோரிக்கை மனுவோடு அதையும் இணைத்து அனுப்பலாம்.